பெரியவருக்குக் குடை பிடித்த கதை

“குடையை இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி, மேகலா.”

சாய்த்தேன். என் தோள் நனைந்தது. பட்டுச்சேலை முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

“இன்னும் கொஞ்சம்.”

இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். இப்போது தலையும் நனைந்தது. மல்லிகைச் சரம் ஈரத்தில் கனத்துக் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. குணா நனைகிறாரே, பாவம் என்று நினைத்துத்தான் அவ்வளவு தூரம் சாய்த்தேன். பிறகு பார்த்தால் அவரும் தொப்பலாக நனைந்துதான் நின்றார். குடை எங்கள் இரண்டு பேருக்கும் மேலே இல்லை. திறந்து கிடந்த பானெட்டுக்கு அடியில், எஞ்சினுக்கு மேலே இருந்தது.

“ஈரம் பட்டா பெரியவருக்கு ஆகாது” என்றார்.

பெரியவர் என்றால் அவருடைய அப்பா என்று நினைத்துவிடாதீர்கள். கார்.

ஜாசினுக்குப் போகிற வழி. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். பழக்குலை ஏற்றிய லாரி ஒன்று சேற்றுத் தண்ணீரை எங்கள் மேல் வாரி இறைத்துவிட்டுக் கடந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பட்டுக் கட்டி, நகை போட்டு, ரோட்டோரத்தில் ஒரு பெண் எஞ்சினுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பதை அவன் எங்கே கண்டிருப்பான்? ஒருமுறை ஹாரன் அடித்தான். அது கேலியா அனுதாபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜாசினில் என் தோழிக்குக் கல்யாணம். முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு மாப்பிள்ளை அமைந்து, நாள் குறித்து, மண்டபம் பிடித்து எல்லாமே ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிட்டது. நானும் குணாவும் ஆறேழு வருஷமாக ஒரே காரில் போய்க்கொண்டிருந்தோம். எங்கேயும் போய்ச் சேர்ந்தபாடில்லை.

ஒழுகிய ஏர்கான்

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக கிளினிக் கதை, எங்கள் குடியிருப்புத் தாமானின் பூனைகள், அம்மாவின் மாங்காய் ஊறுகாய் என்று என்னென்னவோ எழுதிவிட்டேன். குணாவைப் பற்றி எழுதாமல் மட்டும் நழுவிக்கொண்டே இருந்தேன். தள்ளிப்போடுவது ஒட்டுவாரொட்டி. யாரிடமிருந்து எனக்கு ஒட்டியது என்பது போகப் போகத் தெரியும்.

அப்போது நான் மஸ்ஜித் தானாவில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் இருந்தேன். வீடு லூபோக் சீனாவில். அப்பா தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வு பெற்றபின் தோட்டத்தை விட்டு வந்து வாங்கிய சின்ன தாமான் வீடு. வீட்டுக்கும் கிளினிக்குக்கும் நடுவே ஒரு பஸ் ஓடியது. ஓடியது என்றுதான் அட்டவணையில் போட்டிருந்தார்கள்.

ஒரு நாள் கிளினிக் ஏர்கான் ஒழுகி, மருந்து வாங்க நின்ற வயதான மலாய்க்கார மாக்சிக் ஒருவரின் முக்காடு நனைந்துவிட்டது. ரிப்பேர் பார்க்க ஆள் அனுப்பினார்கள். வந்தவர் குணா. உயரம், கறுப்பு, சட்டைப் பையில் டெஸ்டர். ஏணி மேல் ஏறி, ஏர்கானின் வயிற்றைத் திறந்து, அதற்குள் தலையை விட்டபடியே கீழே நின்ற என்னிடம், “பசியாறியாச்சா?” என்று கேட்டார். ஏர்கானைக் கேட்கிறாரோ என்று நினைத்து நான் பதில் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் வரவில்லை. ஸ்டாப்பில் நின்றேன். தயிர் நிறத்தில் ஒரு பழைய கார் மெல்ல வந்து நின்றது.

“லூபோக் சீனாவா? நானும் அந்தப் பக்கம்தான் போறேன்.”

அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் இல்லை என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. கண்டுபிடித்தபோது சந்தோஷமாக இருந்தது. மறுநாளும் ஏறினேன்.

பெரியவர்

அந்தக் காரைச் செய்தவன் ஜப்பான்காரன். எந்தக் காலத்தில் செய்தான் என்று அவனுக்கே மறந்திருக்கும். ஏதோ ஒரு தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி ஓட்டியது. அவர் காலமான பிறகு அவர் வீட்டம்மாவிடமிருந்து குணா வாங்கினாராம். “கிராணி ஐயா கைப்பட்டது” என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும்.

காரில் ஏறச் சில சட்டங்கள் உண்டு. செருப்பைத் தட்டிவிட்டு ஏற வேண்டும். கெரோப்போக் நொறுக்கித் தின்னக்கூடாது. கதவைச் சாத்தக்கூடாது; கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி சேர்த்து வைக்க வேண்டும். நான் உட்காரும் பக்கத்துக் கண்ணாடியை இறக்கும் பிடி எப்போதோ உடைந்துவிட்டது. காற்று வேண்டுமென்றால் குணாவிடம் சொல்ல வேண்டும். அவர் காரை ஓரம் கட்டி, ஸ்பேனர் எடுத்து, இந்தப் பக்கம் வந்து, திருகி இறக்கிவிடுவார். அதற்குள் வீடு வந்துவிடும்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது மரியாதை. “பெரியவருக்கு இன்னிக்கு மூட் சரியில்ல.” “பெரியவர் தண்ணி கேக்கறாரு.” காருக்கு வாங்க, போங்க. எனக்கு வா, போ.

ரேடியோ வேலை செய்யும். ஆனால் போடக்கூடாது. எஞ்சின் சத்தம் கேட்க வேண்டுமே! நான் கிளினிக்கில் நடந்ததை ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டு வருவேன். திடீரென்று ஒரு விரலை உயர்த்துவார்.

“ஷ்ஷ். கேட்டியா?”

“என்ன?”

“கிளிங் கிளிங்னு ஒரு சத்தம். முன் சக்கரத்துப் பக்கம்.”

“அது என் வளையலுங்க.”

கழற்றிக் கைப்பையில் போட்ட பிறகுதான் நம்பினார்.

அப்படியானால் நீ ஏன் அந்தக் காரில் ஏறினாய் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சொல்கிறேன். கிளினிக் மூட எவ்வளவு தாமதம் ஆனாலும் வாசலில் அந்தத் தயிர் நிறம் நிற்கும். ஏன் லேட் என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. அப்பா தவறிய அன்று எங்கள் சொந்தமெல்லாம் தோட்டம் தோட்டமாகச் சிதறிக் கிடந்தது. யாருக்கும் போக்குவரத்து இல்லை. யாரும் கேட்காமலே குணா வந்தார். விடிந்ததிலிருந்து சடங்கு முடியும்வரை கிழவிகளையும் பிள்ளைகளையும் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார். சேற்றுக் காலோடு ஏறினார்கள். கதவைப் படார் படாரென்று சாத்தினார்கள். அவர் வாயே திறக்கவில்லை. அன்று பெரியவரும் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

அதை நான் மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் எனக்குக் கல்யாணம் எப்போதோ ஆகியிருக்கும்.

கியர்பாக்ஸ் முடியட்டும்

“வீட்ல எப்ப பேசப் போறீங்க?”

முதல் தடவை கேட்டபோது, “கியர்பாக்ஸ் முடியட்டும். அப்புறம் ஃப்ரீயாப் பேசலாம்” என்றார். நியாயமாகத்தான் பட்டது. கியர்பாக்ஸ் முடிந்தது. ரேடியேட்டர் ஒழுகியது. ரேடியேட்டர் மாற்றினார். அடியில் துரு. துருவைச் சுரண்டினார். “இவ்வளவு செஞ்சாச்சு, ஒரு பெயிண்ட் அடிச்சிட்டா கல்யாணத்துக்கே நம்ம காடியில போகலாம் லா” என்றார். நான் மகிழ்ந்து போனேன். பெயிண்ட் அடித்து வந்தது. தயிர் நிறம் கேட்டால் மோர் நிறம் அடித்துவிட்டார்களாம். அதைச் சுரண்டி மறுபடி அடிக்க இன்னொரு தீபாவளி போயிற்று.

அவர் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று நிஜமாகவே பழுதாகும். நான் கல்யாணப் பேச்சை எடுக்கிற வாரத்தில் மட்டும் எப்படிப் பழுதாகிறது என்பதுதான் விளங்கவில்லை. பெரியவருக்குக் காதிருக்கிறதோ என்று சந்தேகம் வந்து, சில காலம் காரைவிட்டு இறங்கிய பிறகுதான் கேட்டேன். அப்போதும் பழுதானது.

“புதுசா ஒண்ணு வாங்கலாமே?” என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். அவரைப் பெற்றவளை முதியோர் இல்லத்தில் விடச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். எங்கள் தாமான் முனையில் பெரியவரின் சத்தம் கேட்டதும் அடுப்பில் தே தண்ணீர் வைத்துவிடுவாள். “இந்த எஞ்சின் சத்தத்துக்கு எத்தனை பானை தே போட்டிருப்பேன். என்னைக்கு மேளச் சத்தத்துக்குப் போடப் போறேனோ” என்பாள். அவர் காதில் விழும்படிதான் சொல்வாள். அவர் காது வேறு சத்தத்தில் இருக்கும்.

அப்பா இருந்தபோது ஒரு கதை சொல்வார். அவர் வேலை செய்த தோட்டத்தில் இன்னொரு லாரி டிரைவருக்குக் கல்யாணம். கோயில் முன்னால் பந்தல் போட்டாயிற்று, பெண்ணைக் கூட்டி வந்தாயிற்று. மாப்பிள்ளையைக் காணோம். லயம் லயமாக வீட்டுக்கு வீடு தேடினார்கள். ரப்பர் மரம் நின்ற கித்தாக் காட்டுக்குள் ஆள் விட்டார்கள். கடைசியில் அப்பாதான் கண்டுபிடித்தார். லாரி கொட்டகையில், நின்றுகொண்டிருந்த லாரிக்குள், பட்டுவேட்டியும் மாலையுமாக மாப்பிள்ளை ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். எஞ்சின் ஓடவில்லை. சாவிகூட அப்பாவிடம்தான் இருந்ததாம்.

“என்னடா பண்றே?”

“ஒண்ணுமில்லண்ணே. சும்மா.”

இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்த் தாலி கட்ட வைத்தார்கள். அம்மா இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் சொல்வாள்: “ஆம்பளைக்குக் கையில ஸ்டேரிங் இருந்தாப் போதும். எங்கேயோ போயிட்டிருக்கறதா நெனைப்பு.”

யாருடா இந்தப் பொண்ணு?

சரி, மழைக்குத் திரும்புவோம்.

குடையை அங்கே சாய்த்து, இங்கே சாய்த்து, ஒரு ரப்பர் குழாயை நானே கையால் பிடித்து, கடைசியில் பெரியவர் இருமிக்கொண்டு உயிர் பெற்றார். மழையும் விட்டது. நான் என்னைக் குனிந்து பார்த்தேன். பட்டுச்சேலையில் கொசுவத்திலிருந்து முந்தானை வரை கறுப்பு எண்ணெய். இந்தக் கோலத்தில் மண்டபத்துக்குள் நுழைந்தால் மணப்பெண்ணே மயங்கி விழுவாள்.

“அம்மா வீடு பக்கத்துலதான். துணி மாத்திக்கலாம்” என்றார் குணா.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஏன்டா சொன்னோம் என்று அவர் முகத்தில் அப்பட்டமாக எழுதியிருந்தது. நான் அதைப் படிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

குணா மஸ்ஜித் தானாவில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஜாசினில் அவர் அம்மா தனியாக இருந்தார். ஞாயிறு தோறும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இத்தனை வருஷத்தில் என்னை அங்கே அழைத்துப் போனதில்லை. அதனால் இன்றைக்கு விடிந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கக் கண்ணாடியில் பார்த்துப் பொட்டைச் சரிசெய்தேன். முகத்தைத் துடைத்தேன். துடைத்த முந்தானையில் எண்ணெய் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

கதவைத் திறந்தவர் குள்ளமாக, தொளதொளவென்று கஃப்தான் போட்டு, கையில் கரண்டியோடு இருந்தார். மகனைப் பார்த்தார். பிறகு என்னை, தலையிலிருந்து கால்வரை.

“யாருடா இந்தப் பொண்ணு?”

குணா தொண்டையைச் செருமினார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

“கஸ்டமர்-மா.”

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

“கிளினிக் ஏர்கான் கஸ்டமர். வர்ற வழியில மழையில மாட்டிக்கிட்டாங்க. துணி மாத்தணும்.”

சொல்லிவிட்டுப் பெரியவரைத் துடைக்க வாசலுக்கு ஓடிவிட்டார்.

அந்த அம்மா தங்கமான மனுஷி. துண்டு கொடுத்தார். பீரோவிலிருந்து பச்சைச் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மடிப்புப் பிடித்து ஊசி குத்திவிட்டார். என் முகத்து எண்ணெயைத் தன் கையாலேயே துடைத்தார். துடைத்தபடியே பேசினார். எதைப் பற்றி? காரைப் பற்றி.

“போன மாசம் அதுக்குப் பம்பு மாத்தினான்-மா. அதுக்கு முந்தி என்னமோ பெல்ட்டு. வந்தா அந்தப் பேச்சுத்தான். நானும் கேட்டுக் கேட்டுப் பாதி காடி ஃபோர்மேன் ஆயிட்டேன், போ.”

பெரியவரின் ஒவ்வொரு உறுப்பும் அவருக்குப் பேர் சொல்லித் தெரிந்திருந்தது. என் பேர் தெரியவில்லை.

கூந்தலைத் துவட்டி நைந்த பூவை எடுத்துப் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“கிளினிக்ல நாலு பேரு வருவாங்க, போவாங்க. நம்ம பையனுக்கு ஒரு பொண்ணு இருந்தாப் பார்த்துச் சொல்லேன்-மா. எனக்கும் வயசாகுது.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கண்ணாடியைப் பார்த்தேன். பிறகு, வாய் சும்மா இருக்காதே, கேட்டேன்: “எப்படிப்பட்ட பொண்ணு வேணும் ஆன்ட்டி?”

“அழகு, படிப்பு ஒண்ணும் வேணாம். பொறுமையா இருந்தாப் போதும்.”

வெளியே வந்தேன். குணா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவரால் என்னை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“மேகலா, அது வந்து, திடீர்னு கேட்டாங்களா...”

“பரவாயில்லைங்க” என்றேன். “கஸ்டமர் நடந்தே போயிடுவா.”

மண்டபம் அருகில்தான். நடந்தேன். தாலி கட்டி முடித்துச் சாப்பாட்டுப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன். பாயசம் இரண்டு தடவை வாங்கினேன். கை கழுவும் இடத்தில்தான் அழுகை வந்தது. கிளினிக் தோழி ஒருத்தியின் குடும்பத்தோடு வீடு திரும்பினேன். பச்சைச் சேலையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுத்த வாரமே அவள் மூலம் ஜாசினுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

சொந்த வண்டி

மறுநாள் சாயங்காலம் கிளினிக் வாசலில் தயிர் நிறம் நின்றது. நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அது பின்னாலேயே ஊர்ந்து வந்தது. பஸ் வந்தது. அன்றைக்கென்று சரியான நேரத்துக்கு வந்தது! ஏறிக்கொண்டேன்.

வாட்ஸாப்பில் மன்னிப்பு வந்தது. அதன் கீழேயே, பெரியவருக்கும் உடம்பு சரியில்லை என்று வந்தது. இரண்டாவதைப் படித்ததும் முதலாவதையும் சேர்த்து அழித்தேன்.

அந்த மாதமே கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். சொல்லிக் கொடுத்தவர் காக் ரோஸ் என்று ஒரு மலாய்க்கார அக்கா. நான் ஸ்டேரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டுவதைப் பார்த்து, “ஜாங்கான் தாக்குட், பயப்படாதே மேகலா. அது உன் புருஷன் இல்ல, கொஞ்சம் தள்ளி உட்காரு” என்று மலாயில் சிரிப்பார். முதல் டெஸ்டில் பக்கவாட்டு பார்க்கிங்கில் கம்பத்தை இடித்தேன். இரண்டாவதில் தேறினேன்.

சின்னதாக ஒரு சிவப்புக் கார் வாங்கினேன், யாரோ ஓட்டியதுதான். முதல் நாள் காலையில் சாவியைத் திருகினேன். உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. இருமல் இல்லை, கெஞ்சல் இல்லை. இவ்வளவுதானா என்று எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாகிவிட்டது. அம்மா முன்சீட்டில் ஏறிக் கதவைப் படாரென்று சாத்தினாள். இறங்கி மறுபடி ஒரு தடவை சாத்தினாள். “நல்லாயிருக்கு” என்றாள்.

மஸ்ஜித் தானா சாலையில் சில நாள் தயிர் நிறம் எதிரே வரும். அவர் லைட் போட்டுக் காட்டுவார். நான் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். அப்படியே சில மாதங்கள் போயின. கோபம் தேய்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்தது அதைவிட மோசம். சாயங்காலங்களில் சொல்ல ஏதாவது இருக்கும். பக்கத்தில் விரலை உயர்த்தி ‘ஷ்ஷ்’ என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

அம்மா இதைக் கவனித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அம்மா போட்ட ஃபோன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். தாமான் முனையில் ஓர் உருவம் நடந்து வந்தது. கையில் கருவிப் பை. சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. குணா. நடந்து. பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு நல்ல தூரம், நிழல் கிடையாது.

“ஏர்கான் ரிப்பேர்னு உங்கம்மா ஃபோன் பண்ணாங்க” என்றார்.

எங்கள் வீட்டில் ஏர்கானே கிடையாது. இத்தனை வருஷம் எங்கள் வீட்டில் தே குடித்தவருக்கு அது தெரியாதா?

“பெரியவர் எங்கே?”

“ஸ்டார்ட் ஆகல.”

“அப்புறம்?”

“விட்டுட்டு பஸ் ஏறிட்டேன்.” கருவிப் பையைக் கை மாற்றினார். “பானெட்டைக்கூட மூடல.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதை மூட எனக்குத் தோன்றவில்லை. பூவோ மோதிரமோ கொண்டுவந்து நீட்டியிருந்தால்கூட எனக்கு இப்படி ஆகியிருக்காது. பானெட்டை மூடாமல் வந்திருக்கிறார்!

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “வாங்க தம்பி. அந்த ரூம்லதான் ஏர்கான்.”

அவர் போய்ப் பார்த்தார். சுவர் இருந்தது. மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

“ஆன்ட்டி, இங்க ஏர்கான் இல்லையே.”

“இல்லையா? யாரு கழட்டிட்டுப் போனா?” என்றாள் அம்மா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

குணா கருவிப் பையைக் கீழே வைத்தார். “பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு சொன்னீங்களே, வீடு புழுக்கமா இருக்கக்கூடாதுன்னு. எப்ப வர்றாங்க?”

நான் அம்மாவைப் பார்த்தேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்பது எனக்கே புதுச் செய்தி. அம்மா என்னைப் பார்க்கவில்லை.

“எங்க தம்பி, இன்னும் காணோம். வழியில வண்டி நின்னுருக்கும்.”

“அவங்களை வர வேணாம்னு சொல்லிடுங்க, ஆன்ட்டி.”

“ஏன்?”

“நான் இருக்கேன்ல.”

அம்மா தே டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். முதல் தடவையாக அவள் குரலில் விளையாட்டு இல்லை. “இருக்கீங்க தம்பி. ஆறேழு வருஷமா இருக்கீங்க. அவங்கப்பா இருந்தப்பவும் இருந்தீங்க, போனப்பவும் இருந்தீங்க. அதுக்கு நான் என்னைக்கும் நன்றி சொல்வேன். ஆனா என் பொண்ணு யாருன்னு கேட்டா உங்க வாயில ஒரு பேரு வரல.”

அவர் தலை குனிந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“பயமா இருக்கு ஆன்ட்டி” என்றார். “காடி ரிப்பேர் ஆனா எனக்குப் பார்க்கத் தெரியும். இது ரிப்பேர் ஆனா என்ன பண்றதுன்னு தெரியாது. எங்கப்பா அப்படித்தான் ஒரு நாள் எங்களை விட்டுட்டுப் போனாரு. அவருக்கும் பார்க்கத் தெரியல.”

அவர் அப்பா இறந்துவிட்டார் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். அந்தக் காரில் எவ்வளவு பேசியிருக்கிறேன்! நான்தான் பேசியிருக்கிறேன் போல.

என் கார் சாவியை எடுத்தேன். “கிளம்புங்க” என்றேன்.

“எங்கே?”

“ஜாசினுக்கு.”

போ லா

என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. முழங்கால் மேல் வைத்தார், மடியில் வைத்தார். முன்னால் லாரி வந்தால் இல்லாத பிரேக்கை மிதித்தார். நான் புது டிரைவர். ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

மஸ்ஜித் தானா நெருங்கியபோது வானம் கறுத்தது. அவர் அறை இருக்கும் வீதி வலது பக்கம். திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது, அவர் கழுத்து அந்தப் பக்கம் நீண்டது. அங்கே பெரியவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருப்பார். முதல் துளி கண்ணாடியில் விழுந்தது.

வேகத்தைக் குறைத்தேன். “மழை வருதே. நிறுத்தணுமா?” என்று பவ்யமாகக் கேட்டேன்.

 ஓரக்கண்ணால் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார், ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை மாதிரி.

“போ லா” என்றார்.

போனேன்.

(பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று கவலைப்படுகிறவர்களுக்கு: நன்றாக நனைந்தார். ஃபோர்மேன் ஒர்க்‌ஷாப்பில் வெகுநாள் படுத்துக் கிடந்தார். பிழைத்தார். இப்போது எங்கள் போர்ச்சில் நிற்கிறார். என் வண்டி வெளியே வெயிலில் நிற்கிறது. அதைப் பற்றித் தனியே பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.)

ஜாசினில் குணாவின் அம்மா வாசற்படிக்கு உள்ளே தாளை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “அட, கிளினிக் பொண்ணு! வா-மா” என்றார்.

குணா முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். நான் உதவி செய்யவில்லை. ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை.

“அம்மா. இது மேகலா. லூபோக் சீனா. இவளை நான் கட்டிக்கணும். ரொம்ப நாளா.”

கிள்ளிய கை நின்றது. “ரொம்ப நாளான்னா?”

“ஆறேழு வருஷமா.”

அந்த அம்மா என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைய மழை, எண்ணெய், பச்சைச் சேலை எல்லாம் அவர் கண்ணில் ஒவ்வொன்றாகக் கூடி வந்ததைப் பார்க்க முடிந்தது. ஒரு கை நிறைய நெத்திலித் தலையை அள்ளி மகன் மேல் எறிந்தார்.

“பாவி! நான் இவகிட்டயே...” வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து வந்து, மீன் வாசனைக் கையோடு என் கன்னத்தைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் உதடு துடித்தது சிரிப்பை அடக்கத்தான்.

“இவன் அப்படித்தான்-மா. பொறக்கவே ஒத்துக்கல. நாள் தாண்டியும் உள்ளயே உட்கார்ந்துக்கிட்டான். கடைசியில டாக்டர் ஆயுதம் போட்டு இழுத்துத்தான் எடுத்தாரு. தழும்பு இன்னும் இருக்கு, வேணும்னா பாரு.”

“அம்மா!” என்றார் குணா.

“குனிடா.”

குனிந்தார். முடியில் ஒரு நெத்திலித் தலை சிக்கியிருந்தது. அந்த அம்மா அதைத் தட்டிவிட்டு, வலது காதைப் பிடித்து மடக்கிக் காட்டினார். காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில், பிறை மாதிரி சின்னதாக ஒரு வெள்ளைக் கோடு.

இத்தனை வருஷம் அவருக்கு இடது பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவள் நான். அதைப் பார்த்ததே இல்லை. அவர் அம்மா நிற்கிறாரே என்றுகூட யோசிக்காமல் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன்.

“கூசுது” என்றார் குணா. ஆனால் தலையை நகர்த்தவில்லை.